நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

பைசாண்டுவில், எலும்பு நீக்கும் வரிசையில்
பதினெட்டு வருடம் நின்றவன் நான்.
மே மாதம் ஒருநாள் கத்தி
மாட்டை விட்டு என் மணிக்கட்டுக்கு வந்தது.

தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைத்த
டாக்டர் இவோன் சொன்னாள்:
தைத்தது உறையை மட்டும்.
உள்ளே ஓடிய இழை விரல்நுனிவரை செத்தாயிற்று.
அப்புறம்?
அங்கே கொஞ்சம் செல்கள் மிச்சமிருக்கின்றன.
குப்பையைத் தின்று தீர்க்கும்,
வரிசை கட்டி நிற்கும்,
வளர்காரணி என்றொரு புரதம் கசியவிடும்.
அதை மோந்துகொண்டே மேலிருந்து நரம்பு வரும்,
நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்.

எள்ளில் பாதிகூட இல்லை.

"ரொம்ப நாள் நின்று சலித்தால் கசிவதும் குறையும்"
என்றாள், கையுறையைக் கழற்றியபடி.
கம்பெனிக் கடிதமும்
ஆறு மாதம் என்றுதான் சொல்கிறது.

காலையில் மாத்தே உறிஞ்சி முடித்ததும்
என் உள்ளங்கையை நெல்சா தட்டுவாள்.
சுரீர் என்ற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி.
ஜூலைப் புள்ளி புத்திரேகையைத் தொட்டது.
ஆகஸ்டில் நாங்கள் பேசிக்கொள்ளாத எட்டு நாளும்
தட்டினாள்.

அக்டோபரில் கெண்டி சுட்டது,
கட்டைவிரலை!
நான் கத்த, அவள் சிரிக்க,
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

நேற்று கண்ணை மூடச் சொல்லிச்
சுட்டுவிரலைத் தொட்டாள்.
நடுவிரல் "உள்ளேன்" என்றது.
மறுபடி தொட்டாள்.
மறுபடி நடுவிரல்.

கம்பெனிக்கு என்ன எழுத என்று கேட்கிறாள்.
வழி தவறித்தான் வந்திருக்கிறது,
ஆனால் வந்திருக்கிறது என்று எழுது.