வருகைப் பதிவு

கிச்சிப்பாளையம் ரேஷன் கடைக்குப் பின்னால்
குப்பை அள்ளிய முதல் ஞாயிறு
நாற்பத்தொரு பேர்.
மண்ணிலிருந்து வந்தவை
பீர் பாட்டில், தறி நாடா,
இடதுகால் செருப்பு ஒன்று.
எல்லாம் நோட்டில் இருக்கிறது.

ஐந்தாம் ஞாயிறு நாங்கள் நால்வர்.
லோகு தறிக்குப் போகுமுன் ஒரு மணிநேரம்,
நஸ்ரீன் கைக்குழந்தையோடு.

மார்கழிக் கடைசியில்
ஏற்காட்டு மலையை மறைத்த பனியில்
முதல் கத்திரிக்காய் பதினொன்றும்
ஒரே ராத்திரியில் காணோம்.
பூட்டுப் போடலாம் என்றார் லோகு.
"வேலியே இல்ல, எதுல தொங்கவிடுவீங்க?"
நஸ்ரீனுக்குச் சிரிப்பு.

பொங்கலுக்கு நான்கு நாள் யாரும் போகவில்லை.
வாடியிருக்கும் என்று ஓடினேன்.
பாத்தியெல்லாம் ஈரம்.
குழாயடியில்
வாய் கீறிய நீலக் குடம்,
எங்களுடையது இல்லை.

வந்தோர் பத்தியில்
பெயர் தெரியாமல் பேனா நின்றது.
'கத்திரிக்காய், பதினொன்று' என்று எழுதி
டிக் போட்டேன்.