எழுபது செக்கன்

வந்தாறுமூலைக்கும் ஏறாவூருக்கும் நடுவில்
பெயரில்லாத, இலக்கம் மட்டும் உள்ள கடவை
என்னுடையது.
மூங்கிலுக்குச் சிவப்பும் வெள்ளையும் நானே பூசினேன்.
மறுமுனையில் பாரத்துக்கு
உடைந்த ஆட்டுக்கல்லின் குழவி.
ஆறு வருடம். நாட்கூலி.

போன் அடிக்கும். "வெளிக்கிட்டுட்டுது" என்பார்கள்.
அதற்குப் பிறகு பழைய கோச்சிக்கு
என்னிடம் வந்து சேர நாலு நிமிடம் வேண்டும்.
மூங்கிலை இறக்குவேன்.
மீன்பெட்டி கட்டிய சைக்கிளைச் சரித்துக்கொண்டு
றசூல்தீன் காக்கா குனிந்து நுழைவார்.
ஏசுவேன்.
"கோச்சி இன்னும் ஸ்டேசன் வளவுக்குள்ளதான் நிக்கிது கா"
என்பார்.
பாதி நாள் அது உண்மை.

அந்தப் பெட்டிகளை நினைத்து அழ
என்னிடம் ஒன்றுமில்லை.
மழைக்கு உள்ளே குடை விரித்து இருந்தவர்களைக்
கண்டிருக்கிறேன்.
மூன்று மாதத்துக்கொரு தரம் அதே தரையில்
பேப்பர் விரித்து மகளைக் கிடத்தி
கொழும்பு கிளினிக்குக்குக் கொண்டுபோனவள் நான்.
பொலன்னறுவைக்கு இந்தப் பக்கம் எஞ்சின் செத்து
ஐந்து மணித்தியாலம் நின்ற இரவு
அவளுடைய நகங்கள் நீலமாகி வந்ததைப்
போன் வெளிச்சத்தில் பார்த்தேன்,
பத்தையும், ஒவ்வொன்றாக.

மாசியில் தூண் நட்டார்கள். கம்பி இழுத்தார்கள்.
மைனாக்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் குந்தின.
பிறகு விதானகே என்ற பொறியியலாளர்
செக்கன் மணிக்கூட்டோடு வந்தார்.
"அக்கே, எறக்கிக் காட்டுங்க."
இறக்கினேன். பத்தொன்பது.
"இன்னொருக்கா."
இருபத்தொன்று. தோள்மூட்டு பிடித்துக்கொண்டது.
புதிய வண்டி, போன் அடித்து
எழுபது செக்கனில் இங்கே நிற்கும் என்றார்.
நிற்காது, போகும் என்று திருத்தினார்.

எழுபதில் இருபத்தொன்று போக நாற்பத்தொன்பது.
அதில் காக்காவுக்கு எவ்வளவு,
தயிர்க்காரரின் மாடுகளுக்கு எவ்வளவு,
புணானைக் காட்டில் யானைக்கு
யார் போன் எடுப்பது?
கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.
அதனால் எனக்கு அவரைப் பிடித்தது.
அவருடைய வரைபடத்தில், கொஞ்சம் தள்ளி,
ஒரு மேம்பாலம் இருந்தது.
என் இடத்தில் ஒரு புள்ளடி,
வாக்குச்சீட்டில் நான் போடுவதைப் போல,
சின்னதாக, கவனமாக.

ஓட்டிப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
கண்டேன் என்று சொல்ல மாட்டேன்.
வெள்ளையாக ஏதோ கிழிந்தது.
கையில் கொடி இல்லை.
அடுத்த வளவுத் தென்னை வட்டுக்குள் இருந்து அதை எடுக்க
ஒரு பெடியன் ஏறினான்.
றசூல்தீன் காக்கா
முதல் தடவையாக மூங்கிலுக்கு அந்தப் பக்கமே
ஒரு கால் ஊன்றி நின்றார்.
நான் மூங்கிலைத் தூக்கிய பிறகும்
கொஞ்ச நேரம் நின்றார்.
பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நேற்று, விடியல் வண்டியில்,
மகளுக்கும் எனக்கும் ஆசனம். இலக்கம் போட்டது.
ஜன்னல் திறக்காது. குளிருக்கு அவளைத்
துவாயால் போர்த்தினேன்.
மதியச் சோற்றுக்கு முன்னம் டொக்டர்,
இருட்டுக்கு முன்னம் வீடு.
இந்தக் கணக்கை நான் வாழ்நாளில் போட்டதில்லை.

ஏறாவூர் கடந்ததும் சொன்னேன்:
"இப்ப வரும், நம்மட கேட், பாரு புள்ள.
கிருபைமணி மாமி நிப்பா."
அவள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தினாள்.
நானும் பார்த்தேன்.
பச்சை. ஒரு சுவர். பச்சை.
"எங்கம்மா?" என்று அவள் கேட்டபோது
வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் புகைபோக்கி
பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய கையை எடுத்து மடியில் வைத்து
நகங்களைப் பார்த்தேன்.
ரோசா நிறம்.
திரும்ப ஒருக்கா பார்த்தேன்.

பிறகு கிருபைமணிக்குப் போன் எடுத்தேன்.
"நேரத்துக்கு இறக்கினியா?"
"இறக்கினன் கா. நீ கையாட்டினியா?"

ஓம் என்றேன்.