பார்லிக் கஞ்சி

காய்ச்சல் பார்க்கும் கருவி
நாற்பத்திரண்டோடு நின்றுவிடும்.
எனக்கு அறுபத்தாறு வேண்டும்.
கூடினால் இனிப்பு மிஞ்சும், குறைந்தால் வெறும் தண்ணி
என்று மெல்பேர்னிலிருந்து குகநேசன் எழுதியிருந்தான்,
மோல்ட் பாகுப் பேணியைச் சுற்றின கடதாசியில்.
பாதி பாகு, பாதி தானியம்.
முதல் தரத்துக்கு அது காணும், அவசரப்படாதே.
எழுத்து இன்னும் ஒன்பதாம் வகுப்பு எழுத்துத்தான்,
வலப்பக்கம் சரிந்து.

செல்டன் அண்ணனின் பேக்கரியில்
சீனிப்பாகு பார்க்கும் கருவி இரவல் கிடைத்தது.
தானியம்தான் சிக்கல். முழுசாய் வந்திருந்தது.
மாவாகக் கூடாது. உமி கிழியாமல்
வயிறு மட்டும் வெடிக்க வேண்டும்.

மஞ்சந்தொடுவாயில் மஹ்றூப் காக்காவின் மில்.
"நெல்லுமில்ல, என்ன தம்பி இது?"
"பார்லி."
"கஞ்சிக்கா?"
"ஓம்."

இரண்டு கை அரிசி போட்டு
முந்தின ஆளின் மிளகாயைத் துடைத்தார்.
இடைவெளியைத் திருகித் திருகி
காதால் பார்த்துச் சரிசெய்தார்.
காசை நீட்டினேன்.
"வருத்தக்காரருக்கு அரைச்சா நான் எடுக்கிறல்ல."
பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.
இரண்டு கிலோதான். கல்லடிப் பாலம் வரைக்கும்
கை மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

ஐஸ் கொம்பனியில் மீன் படாத புதுப் பெட்டி ஒன்று
எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன்.
வெந்நீர், தானியம், மூடி, மேலே இரண்டு சாரம்.
ஒரு மணித்தியாலம்.
சாந்தரூபி குசினி ஜன்னலைச் சாத்தினாள்.
"காய்ச்சுறான் எண்டா சனம் ஒண்டைத்தான் நினைக்கும்."
பிறகு அவளே மூடியைத் தூக்கி மணந்து பார்த்தாள்.
"கஞ்சிதான்," என்றாள்.

அதைக் கேட்க எனக்கு ஆறுதலாய் இருந்தது.

புண்ணுக்குப் போடும் அயடின் ஒரு துளி
சோசரில் நீலமாகவில்லை. மாப்பொருள் முழுதும் இனிப்பாயிற்று.
வடித்தேன். பாகை ஊற்றினேன்.
நெருப்பைக் குறைக்க மறந்தேன்.
பானை நிமிர்ந்து, நுரை ஏறி, அடுப்பு நிறைய வழிந்தது.
"எந்தப் பக்கம் பொங்குது பார்,
தைக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு,"
என்று சிரித்தவள்தான் அடுப்பை அணைத்தாள்.

கோழித்தீன் போலப் பச்சை உருண்டைகள்:
கசப்புக்கு முதலில் கொஞ்சம்,
மணத்துக்குக் கடைசிப் பத்து நிமிடம் மிச்சம்.
தோடம்பழத் தோலை நகத்தால் கீறின மணம்.

பாரைக்கும் சூரைக்கும் பதினொரு வருடம் ஐஸ் உடைத்த கை.
மூன்று கட்டி, பெரிய தாழி,
இருபது நிமிடத்தில் பானை குளிர்ந்தது.
இதில் மட்டும் குகநேசனை விட நான் கெட்டிக்காரன்.

ஐந்து இரவு, இரண்டு மணிக்கு எழும்பி
வாளியைச் சுற்றிய ஈரத் துவாயை மாற்றினேன்.
ஒரு இரவு கரண்ட் இல்லை.
இருட்டில் குழாய் வழியே அது விக்கிக்கொண்டே இருந்தது,
பால் குடித்து முடித்த பிள்ளை மாதிரி.

இருபத்தைந்தாம் நாள் முதல் போத்தல்.
கொஞ்சம் கலங்கல். நுரை நின்றது.
விழுங்கின பிறகு, தொண்டையின் அடியில்,
துடைத்தும் போகாத மிளகாய்.
சாந்தரூபி பாதிக் கிளாஸ் குடித்துவிட்டு
"இது யார்ர வேலை?" என்றாள்.

கருவி இரவல் தந்தவருக்கு இரண்டு போத்தல்.
பெட்டிக்குக் கண் மூடின மனேஜருக்கு ஒன்று.
மெல்பேர்னுக்குப் படம் மட்டும்.
உடைத்துத் தந்த மனுசனுக்குத்தான்
கொடுக்க ஒன்றும் இல்லை.

சக்கையை அண்டைக்கே கொண்டுபோய்
அவருடைய ஆடுகளுக்குக் கொட்டியிருந்தேன்.
புளிக்குமுன் வடித்தது, போதை ஒரு துளியும் இல்லை;
இரண்டு தரம் கேட்டு உறுதி செய்த பிறகுதான்.

நேற்று மில்லைக் கடக்கையில் கை காட்டி நிறுத்தினார்.
"கஞ்சி குடிச்ச ஆள் தேறிட்டாரா?"
தேறுது, என்றேன்.
"அடுத்த கஞ்சி எப்ப எண்டு
ஆடெல்லாம் கேக்குது தம்பி."

சைக்கிளின் ஒரு கால் தரையில் இருந்தது.
மில் ஓடிக்கொண்டிருந்தது.
சத்தமாய்ச் சொன்னாலும் கேட்டிருக்காது என்று
சொல்லிக்கொண்டேன்.