பாதிப் பந்தயம்

இரவு ஒன்பதரைக்கு இங்கிலாந்தில் குதிரைகள் ஓடத் தொடங்கும்.
அந்நேரம் நான் ஆலை வாசலில்
செம்பனைக் குலை லோரிகளை எடை போட்டுக்கொண்டிருப்பேன்.
ஏறும்போது ஓர் எடை, கொட்டிவிட்டு இறங்கும்போது ஓர் எடை.
கழித்தால் கிடைப்பதுதான் பழம்.

அதையேதான் அதற்கும் எழுதிக் கொடுத்தேன்.
இந்தக் குதிரை ஜெயிக்கும் என்று ஒரு கை கட்டு.
விலை இறங்கியதும்
ஜெயிக்காது என்று மறு கை கட்டு.
எது முந்தினாலும் நடுவில் நாற்பது காசு நிற்கும்.

குதிரையின் பெயரை அது படிக்காது.
ஈரத் தரை, ஜாக்கியின் வயிற்றுவலி
எதுவும் அதற்கு வேண்டாம்.
எண் அசைந்தால் எழும்,
அசையாவிட்டால் உட்கார்ந்திருக்கும்
என்னைப் போல, கண்ணாடிக்குப் பின்னால்.

பகாவில், கடைவீதிக்குப் பின்புறம் வாடகை வீடு.
அரிசி டின்னுக்கும் தையல் மெஷினுக்கும் இடையே
பழைய கணினி. சூடு தாங்காமல்
அதன் பக்கவாட்டைக் கழற்றி
மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பியிருந்தேன்.
எங்களுக்கு வியர்த்தது.
தவமலர் அதைச் சுற்றிப் பெருக்குவாள்.
"இது தூங்கவே தூங்காதா?"
"வேலையில இருக்கு."
"சம்பளம்?"

அந்த மாதம் பதினொரு வெள்ளி இருபது காசு.
மின்சார பில்லில் ஏறியது பத்தொன்பது.
இரண்டையும் நான் ஒரே தாளில் எழுதவில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்
ரொம்பின் பக்கமிருந்து இடி வந்தது.
எடைமேடை விளக்கு ஒருமுறை சிமிட்டி நின்றது.
ஆலைக்கு ஜெனரேட்டர் உண்டு,
என் வீட்டுக்கு மெழுகுவத்தி.
கைப்பேசியைத் திறந்தேன்.
ஒரு கை கட்டியிருந்தது.
மறு கை இல்லை.
இருபது வெள்ளி, முப்பத்து நான்கு மடங்குக்கு,
யாரும் சீந்தாத ஒரு குதிரையின் முதுகில்
திறந்தபடி கிடந்தது.

கைப்பேசியிலேயே மூடியிருக்கலாம்.
பொத்தான் அங்கேதான் இருந்தது.
அப்போதுதான், முதல்முறையாக,
ஒரு குதிரையின் பெயரைப் படித்தேன்.
வாயில் நுழையவில்லை. மறுபடி படித்தேன்.
தராசின் மேல் ஹாருன் ஹாரன் அடித்தான்.
கட்டைவிரலை எடுத்துவிட்டு
அவனுக்கு எடைச்சீட்டு கிழித்துக் கொடுத்தேன்.
பதினாறு டன், சில்லறை. கை நடுங்கியது,
சில்லறையைத் தப்பாக எழுதினேன்.

திரும்பிப் பார்த்தபோது
அறுநூற்று அறுபது வெள்ளி.

"அது சம்பாதிச்சது" என்றேன் வீட்டில்.
செத்துக் கிடந்த கணினியைத் தட்டிக் காட்டினேன்.
ஆயுத பூசைக்குத் தவமலர்
தையல் மெஷினுக்கு வைத்த குங்குமத்தில்
மீதியை அதன் நெற்றியில் வைத்தாள்.
நான் தடுக்கவில்லை.

இனி மின்சாரம் போகக்கூடாது என்று
அதை லண்டனுக்கு மாற்றினேன்.
மாற்றினேன் என்றால் பெட்டியை அல்ல,
மூன்று கோப்புகள், அவ்வளவுதான்.
நான் பாஸ்போர்ட் எடுத்தவனில்லை.
ஆனால் அங்கே ஒரு குளிரூட்டிய அறையில்
யாருடைய கணினியிலோ ஒரு மூலை
என் பெயரில், மாதம் முப்பத்தெட்டு வெள்ளிக்கு.
இங்கேயும் வாடகை, அங்கேயும் வாடகை.
கொண்டுவருவது முப்பத்தொன்று.

அங்கே அது பிழையே செய்வதில்லை.
மறு கையை ஒருநாளும் மறந்ததில்லை.

இன்று மறுபடியும் ரொம்பின் பக்கம்
வானம் வெளுத்துக் கறுக்கிறது.
எடைமேடை விளக்கு சிமிட்டுகிறது.
வீட்டில் இருட்டாகியிருக்கும்.
கைப்பேசியைத் திறக்கிறேன்.
எல்லாம் ஜோடி ஜோடியாக, மூடி, கணக்காக.
கீழே இறக்கிப் பார்க்கிறேன்.
இன்னும் கீழே.

ஹாருன் ஜன்னலைத் தட்டுகிறான்,
எவ்வளவு நேரம் நிற்பது என்று.
எழுதுகிறேன்: இருபத்தேழு டன், எண்ணூறு.
கொட்டிவிட்டு வரட்டும்.
கழித்துப் பார்க்கலாம்.