தொழிலின் தன்மை

ஏப்ரல் சீசன் முடிந்து
பந்தயத் திடலில் காகிதக் கோப்பைகள் மட்டும்
ஓடிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை
நுவரெலியா இறைவரி அலுவலகத்துக்குப் போனேன்.
சாரிக்கு மேல் ஸ்வெட்டர். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னல்.
என்னைத் தெரிந்தவர்களுக்கே
என்னைத் தெரிந்திராது.

வங்கிக்காரர்தான் அனுப்பினார்.
ராகலையில் ஏழு பேர்ச் காணி,
பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய்.
கடன் தரலாம், வரி இலக்கம் இருக்கா என்றார்.
காசு இருக்கு என்றேன்.
காசு எல்லாரிடமும் இருக்கு என்றார்.

படிவம் நாலு பக்கம். தமிழ்தான்,
எங்கள் லயத்தில் யாரும் பேசாத தமிழ்.
முழுப் பெயர் என்ற இடத்தில்
பேனா நின்றுவிட்டது.

தோட்டத்தில் பேர் என்றால் நாள் சம்பளம்.
பதினெட்டுக் கிலோ கொழுந்து நிறுத்தால் முழுப் பேர்.
குறைந்தால் அரைப் பேர்.
என் அம்மாவுக்கு முப்பது வருஷம்
செக்ரோலில் அரை அரையாய்த்தான் விழுந்தது.
எனக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர்,
அடையாள அட்டையில் அதுவே எழுத்துப் பிழையோடு,
ஏரிக்கரை அறைகளில் ரோஷி.
பொலிஸ் புத்தகத்தில் பேரே கிடையாது:
அலைந்து திரிந்த பெண், ஒன்று.
அலையவில்லை சார், பஸ்ஸுக்கு நின்றேன்
என்றதை யாரும் எழுதவில்லை.

தவமலர் சின்னையா.
எழுதினேன்.

அடுத்த பெட்டி: தொழிலின் தன்மை.

ஷிரோமி அழகுக்கலை என்று போட்டாளாம்.
பண்டாரவளை மெர்சி, சாப்பாடு சப்ளை.
"பொய்யில்லையே அக்கா, பசிக்குத்தானே வாறானுங்க."
கண்டியில் ஒரு செமினாரில்
பார்சல் சோற்றோடு ஒரு சொல் தந்தார்கள்:
பாலியல் தொழிலாளி.
முன்பாதியை அங்கேயே மேசையில் விட்டுவிட்டு
பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.
மே தின லொறியில் ஒலிபெருக்கி
அம்மாவைக் கூப்பிட்ட சொல் அது.
இன்றைக்கு இரண்டையும் சேர்த்து எழுதினேன்.
பெட்டிக்கு வெளியே கொஞ்சம் வழிந்தது.

லிகிதர் பெண்ணுக்குத் தடிமன்.
படித்தாள். மூக்கைச் சிந்தினாள். மறுபடி படித்தாள்.
"மேக்கத ரஸ்ஸாவ?"
"ஓ, நோனா."
வரிசையில் எனக்குப் பின்னால்
லீக்ஸ் வியாபாரி ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.
அவள் குரலைத் தாழ்த்தினாள்.
இதுவரை எந்தக் கந்தோரிலும்
எனக்காக யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை.
கணினியில் அப்படியொன்று இல்லை என்று
வேறு சேவைகள் என்பதில் தட்டினாள்.

செலவுகளைக் கழிக்கலாமாம், ரசீது வேண்டுமாம்.
அறை வாடகைக்கு இருக்கிறது.
ஓட்டோ நிசாந்த எழுதித் தருவான்.
மருந்துக்கடை பில் ஒரு மாதத்தில் மங்கிவிடும், பரவாயில்லை.
வெள்ளிக்கு வெள்ளி வந்து
வாங்கிக்கொண்டு போகும் சார்ஜனிடம்
எப்படிக் கேட்பது?
அவருக்கு முதலில் இலக்கம் இருக்கிறதா?

ஆனியும் ஆடியும் காற்று, மழை, ஆள் வராது.
எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு
இந்த வருஷம் உங்களுக்கு வரி வராது என்றாள்.
நல்ல செய்திதான்.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாய் இருந்தது.
ரோட்டில் ஒரு முழமாவது
என் காசில் தார் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஒன்பது இலக்கம். அச்சடித்த தாள் சூடாக இருந்தது.
பஸ் ஸ்டாண்டில் ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன்.
முதல் செலவு: கொப்பி.
இரண்டாவது: பேனா.
மூன்றாவது, தேத்தண்ணி. இதைக் கழிக்க விடுவார்களா தெரியவில்லை.

ஏழு மணிக்குப் போன். கொழும்புக்காரர், வழக்கமானவர்.
"போன தடவைக்கும் சேர்த்து அடுத்த மாசம் தாரேன் ரோஷி."
கடனுக்கு நான் பத்தி ஒதுக்கவில்லை என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை, சிரித்தார்.
தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு
இன்னொரு கோடு போட்டேன்.
அடிமட்டம் இல்லை.
அடையாள அட்டையின் ஓரம் போதுமானதாய் இருந்தது.