தற்காலிக இறக்குமதி

முஹர்ரக் சரக்குக் கொட்டகையில் ஆகஸ்ட்.
கண்ணாடியைத் துடைத்தால் கை நனையும்,
கையைத் துடைத்தால் காகிதம்.
ஹகோதாத்தேயிலிருந்து ஒரு மரப்பெட்டி.
நாலு கிலோ நூற்றுப்பத்து கிராம்.
பொருள்: பெல்ட். ஒன்று.

பெல்ட்டுக்கு எவன் மரப்பெட்டி செய்வான் என்று
மர்ஸூக் திறக்கச் சொன்னார்.
கறுப்புத் தோல். நடுவே சோற்றுத்தட்டு அகலத்தில்
அலைமேல் நிற்கும் ஒரு நாரை.
தங்கமா?
முலாம்.
யாருடையது?
அங்கேதான் சிக்கியது தாள்.

கூட வந்தவர் ஷிமோதா, மல்யுத்த நடுவர்.
கழுத்தைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பட்டை,
இங்கிலீஷ் என்னுடையதைவிட ஏழை.
யாருடையதும் இல்லை என்றார்.
ஜெயித்தவன் வைத்திருப்பான், தோற்கும் வரை.
வடகடல் கனரகப் பட்டம்.
நாற்பத்தோரு வருஷம், இருபத்தாறு பேர்,
ஒருத்தரும் காசு கொடுத்து வாங்கியதில்லை.
மர்ஸூக் மறுபடி கேட்டார்:
உரிமையாளர் பெயர்?

பக்கத் தகடுகளில் விரல் வைத்து ஷிமோதா வாசிக்க வாசிக்க
சரக்குச் சீட்டின் முதுகில் நான் தமிழில் எழுதினேன்.
முதலாமவர் இவாமுரா, கணவாய்ப் படகில் ஐஸ் உடைத்தவர்,
ஆறு வருஷம் விடவில்லை.
அவரிடம் பறித்தவனுக்குப் பதினொரு நாள்.
அடுத்த தகட்டில் பெயரைச் சுரண்டியிருந்தார்கள்.
சம்பளப் பாக்கிக்குப் பட்டத்தை வீட்டுக்குத் தூக்கிப்போனவராம்,
எட்டு மாதம்.
கம்பெனி அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
நீங்கள்?
நான் சேர்ப்பேன். அன்றைக்கு அவன் கையை உயர்த்தியது நான்.

ஒகினோ இரண்டு முறை, நடுவில் முழங்கால் அறுவை.
தச்சிகாவா பட்டத்தோடேயே செத்தார்,
மேடையில் இல்லை, சலூனில்,
பாதி முடி வெட்டியிருக்கையில்.
அதன்பின் ஒரு தகடு வெறுமை.
காலி என்று பொறிக்க மனசு வரவில்லையாம்,
வழவழவென்றே விட்டுவிட்டார்கள்.
என் முகம் அதில் அகலமாகத் தெரிந்தது.

முடிவெல்லாம் முன்னமே பேசி வைப்பதுதானே
என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.
ஜெயிப்பதைப் பேசி வைப்போம், என்றார்.
கழுத்துப் பட்டையைத் தொட்டார்.
மேலே ஒன்றும் சொல்லவில்லை.

சரி, இப்போது யாரிடம்?
இப்போதும் காலி. வைத்திருந்தவனுக்குத் தோள் கழன்றுவிட்டது.
வெள்ளிக்கிழமை ஈசா டவுன் உள்ளரங்கில்
இரண்டு பேர் மோதுவார்கள், ஒருவன் எடுப்பான்.
அதுவரை ஆளில்லை.

மர்ஸூக் பேனாவால் மீசையைச் சொறிந்தார்.
தற்காலிக இறக்குமதி போடு.
முப்பது நாள். ஜாமீன் கட்டணும். திரும்பிப் போயிடணும்.
உரிமையாளர் கட்டத்தில் உன் பெயரையே எழுது,
கையெழுத்து உன்னுடையதுதானே.

அப்படித்தான் ஆறு நாள்,
தூத்துக்குடி கிளாட்வின் சேவியர்
(அடையாள அட்டையில் கிளாட்வின் சவேரி,
பதினேழு வருஷமாக யாரும் திருத்தவில்லை)
வடகடல் கனரகப் பட்டத்துக்கு
அரசாங்க முத்திரையோடு உரிமையாளன்.
யாரிடமும் சொல்லவில்லை.
அறையில் அரிசி களையும்போது மட்டும்
இடுப்பைக் கொஞ்சம் நிமிர்த்தி நின்றேன்.
முதுகு பிடிச்சிருக்கா, என்றான் பினு.

ஷிமோதா கொடுத்த டிக்கெட்டை
இரவு ஷிப்ட் தின்றது.
திங்கட்கிழமை பெட்டி திரும்பி வந்தது.
தோலெல்லாம் உப்பு பூத்து,
நாரையின் கழுத்தில் ஒரு நசுங்கல்.
ஓரத்தில் புதுத் தகடு,
மனாமா சூக்கில் எவரோ அவசரத்தில் பொறித்தது,
எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
எனக்கு வாசிக்கத் தெரியாத பெயர்.

தராசில் நாலு கிலோ நூற்றிருபத்தெட்டு.
எடை வித்தியாசத்துக்குக் காரணம் என்று தாளில் ஒரு கட்டம் உண்டு.
பெயர், என்று எழுதினேன்.
மர்ஸூக் பார்த்தார். அடித்தார்.
பித்தளைத் தகடு, ஒன்று, என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.