எழுதுமேசை, பதிவெண் 212

ஈட்டி மரம். பித்தளைக் கைப்பிடி.
சிங்காநல்லூர் மில்லொன்றின் மேனேஜர் அறை.
ஒருவர் பயன்படுத்தியது.
இப்படி அட்டை எழுதி முடித்திருந்தேன்.

மூன்றாம் இழுப்பறை மட்டும் வரவில்லை.
உக்கடத்திலிருந்து சிக்கந்தர் வந்தார்,
பூட்டில் காது வைத்துக் கேட்டார்.
ஒரு கம்பி, கொஞ்சம் தேங்காயெண்ணெய்,
அரைமணி நேரம், நடுவில் ஒரு டீ.

உள்ளே அபராத நோட்டு:
தாமதம், காலணா. பேச்சு, அரையணா.
அதற்கடியில்
கட்டம் வரைந்த சாக்குத்துண்டு,
ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த
நான்கு புளியங்கொட்டை,
காய்களாக ஆறு பென்சில் முனை,
ஆறு பச்சை வளையல் துண்டு.

"மேனேஜர் வளையலுங்களா போட்டிருந்தாரு?"
என்றார் சிக்கந்தர்.
நான் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தேன்.

மேசைக்கு அந்தப்புறம்,
எதிரே உட்கார்ந்தவர் முழங்கால் இடிக்கும் பலகையில்
கொண்டை ஊசியால் கீறிய கோடுகள்,
ஐந்தைந்தாகக் கட்டியவை.
பழுது என்று குறித்து
மெருகு போடச் சொல்லியிருந்தேன்.

எண்ணினேன்.
அந்தப்புறம் நாற்பத்தொன்று.
இந்தப்புறம், பேனாக்கத்தியால், ஏழு.

யாரும் பார்க்காதபோது கொட்டையை உருட்டினேன்.
எனக்குத் தாயம் விழவில்லை.

அட்டையில் மூன்றாம் வரியை அடித்துவிட்டேன்.
அங்கே என்ன எழுதுவது?
திங்கட்கிழமை திறப்பு.
மெருகுக்காரருக்கு மட்டும் போன் செய்து
வர வேண்டாம் என்றேன்.